அமெரிக்கப் பண்ணையா, ஜப்பானா, ஓசூர் பாலிஹவுஸா? வெளிநாட்டு விவசாயப் பயிற்சிக்குக் கிளம்பும் முன் கணக்குப் பார்க்க வேண்டியவை

விவசாயப் படிப்பு முடித்து எத்தனை மாதம் ஆகிறது? வெளிநாட்டுப் பண்ணைக்குப் பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்பவர்கள், எந்த நாடு, எவ்வளவு சம்பளம் என்று பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஜே-1 பரிமாற்ற விசாவில் ‘இன்டர்ன்’ ஆகப் போவதற்கு, நீங்கள் இன்னும் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் படிப்பு முடிந்த 12 மாதத்துக்குள் அங்கே பயிற்சி தொடங்கிவிட வேண்டும். அந்தக் கெடு தாண்டிவிட்டால் ‘ட்ரெய்னி’ என்ற இன்னொரு வழி இருக்கிறது. அதற்குப் பட்டமோ தொழிற்சான்றிதழோ இருப்பதோடு, அதே துறையில் அமெரிக்காவுக்கு வெளியே குறைந்தது ஒரு வருட வேலை அனுபவமும் வேண்டும். படிப்புச் சான்று இல்லாதவர்களுக்கு ஐந்து வருட அனுபவம்.

இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பி.எஸ்சி. விவசாயம் முடித்த பிள்ளைகள் பலர் ஒன்றிரண்டு வருடம் டிஎன்பிஎஸ்சி, வங்கி வேளாண் அலுவலர் தேர்வு என்று அறைக்குள் உட்கார்ந்து படிக்கிறார்கள். அதில் தவறே இல்லை. ஆனால் அது சரிவராமல் போனபின் அமெரிக்கா பக்கம் திரும்பினால், இன்டர்னுக்குக் கெடு முடிந்திருக்கும். ட்ரெய்னிக்கு அனுபவம் இருக்காது. தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே ஒரு நர்சரியிலோ, பால் பண்ணையிலோ, உர நிறுவனத்திலோ சம்பளச் சீட்டோடு வேலை பார்த்திருந்தால் இந்த வழி அடைபடாது. அப்பாவின் நிலத்தில் பார்த்த வேலையை அனுபவமாகக் காட்ட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். அதை ஏற்பதும் மறுப்பதும், உங்களுக்கும் பண்ணைக்கும் நடுவில் இருக்கும் ஸ்பான்சர் நிறுவனத்தின் முடிவு. பணம் கட்டுவதற்கு முன்பே, என்ன ஆவணம் கொடுத்தால் ஏற்பீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்கள் எல்லாவற்றையும் ‘வெளிநாட்டு விவசாய வேலை’ என்ற ஒரே பெயரில் கட்டிவிடுகின்றன. பயிற்சி விசா வேறு, வேலை விசா வேறு, சுற்றுலாவோடு வேலை பார்க்கும் விசா வேறு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டப் பிள்ளைகள் எதை எடுக்கலாம் என்பதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் இரண்டுதான். திரும்பி வந்து எந்த நிலத்தில், எந்தத் தொழிலில் கை வைக்கப் போகிறீர்கள்? போய்ப் பிடிக்கவில்லை என்றால் கடன் இல்லாமல் திரும்பி வர முடியுமா?

ஜே-1: காகிதத்தில் என்ன, பண்ணையில் என்ன

ஜே-1 விசாவுக்கு அடிப்படை 1961இல் அமெரிக்கா இயற்றிய கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டம். ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க வந்த விசா இல்லை இது. அதனால்தான் திறன் தேவைப்படாத கூலி வேலைக்கு ட்ரெய்னியையோ இன்டர்னையோ வைக்கக்கூடாது என்று விதியே சொல்கிறது. பண்ணை நேரடியாக உங்களைக் கூப்பிட முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனம் ஒன்று நடுவில் இருக்கும். அது கொடுக்கும் டிஎஸ்-2019 படிவம் இருந்தால்தான் விசாவுக்கே விண்ணப்பிக்கலாம். விவசாயத்தில் பழைய பெயர்கள் சில உண்டு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மாஸ்ட் திட்டம் 1949இலிருந்து நடக்கிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் திட்டமும் பல நாட்டு விவசாய மாணவர்களை எடுக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர்களின் முழுப் பட்டியல் வெளியுறவுத் துறையின் ஜே-1 இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது.

இன்டர்ன் அதிகபட்சம் 12 மாதம். ட்ரெய்னிக்குப் பெரும்பாலான துறைகளில் 18 மாதம் வரை உண்டு. விவசாயத்தில் 12 மாதம்தான். கூடுதல் ஆறு மாதம் வகுப்பறைப் படிப்பாக இருந்தால் விவசாய ட்ரெய்னியும் 18 மாதம் இருக்கலாம். ‘18 மாதம் பண்ணையில் சம்பாதிக்கலாம்’ என்று யாராவது சொன்னால், இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்கு விஷயம் தெரியுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான காகிதம் டிஎஸ்-7002, அதாவது பயிற்சித் திட்டப் படிவம். எத்தனை மணி நேரம், என்ன உதவித்தொகை, எந்தக் கட்டத்தில் என்ன கற்றுக்கொள்வீர்கள், அந்தக் கட்டத்தில் மேற்பார்வை பார்ப்பவர் யார், கற்றதை எப்படி மதிப்பிடுவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நீங்களும் பண்ணையின் மேற்பார்வையாளரும் ஸ்பான்சரும் கையெழுத்துப் போடுகிறீர்கள். நல்ல திட்டத்தில் ‘முதல் மூன்று மாதம்: நாற்று உற்பத்தி, நாற்று வளர்க்கும் ஊடகக் கலவை, ஈசி (உப்பு அளவு), பிஎச் (அமில-கார அளவு) அளவெடுத்தல், அடுத்த மூன்று மாதம்: உரப்பாசனக் கட்டுப்பாடு, பூச்சிக் கண்காணிப்பு’ என்று வேலை வேறு வேறாக நகரும். மோசமான திட்டத்தில் நான்கு கட்டத்திலும் ‘பண்ணைப் பணிகளில் பங்கேற்பு’ என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். அப்படி ஒரு படிவம் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தக் கட்டத்தில் என்ன கற்றுக்கொடுப்பீர்கள், யார் கற்றுக்கொடுப்பார் என்று திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கேட்டதற்காக இடம் போகிறது என்றால், அந்த இடம் போகட்டும்.

பாதுகாப்புக்கும் விதிகள் இருக்கின்றன. ஒரு ஸ்பான்சரிடம் முன் அனுபவம் இல்லாத பண்ணை, 25 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடமாகவோ ஆண்டு வருவாய் 30 லட்சம் டாலருக்குக் கீழாகவோ இருந்தால், ஸ்பான்சர் அங்கே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலான குடும்பப் பண்ணைகள் இந்த அளவுக்குள்தான் வரும். ‘இந்தப் பண்ணைக்கு உங்கள் ஆள் எப்போது போனார்? இதற்கு முன் அங்கே இருந்த ட்ரெய்னி ஒருவரோடு பேச முடியுமா?’ என்ற இரண்டு கேள்வியையும் கூச்சப்படாமல் கேளுங்கள். அமெரிக்கக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை விவசாயப் பயிற்சித் திட்டங்கள் பின்பற்ற வேண்டும் என்றும் விதி இருக்கிறது. விபத்து, நோய் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடு இருந்தாக வேண்டும்.

இன்னொரு சேதி. பயிற்சி முடிந்தபின் இரண்டு வருடம் கட்டாயமாகச் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை முன்பு இந்திய ட்ரெய்னிகள் பலருக்கும் பொருந்தியது. எந்த நாட்டவருக்கு அது பொருந்தும் என்று சொல்லும் திறன் பட்டியலை 2024 டிசம்பரில் புதுப்பித்தபோது இந்தியாவை எடுத்துவிட்டார்கள். ஆகவே அரசுப் பணத்தில் போகாதவர்களை இப்போது அந்தப் பட்டியல் கட்டுப்படுத்தாது. பழைய தகவலை வைத்துப் பயமுறுத்துபவர்களும் உண்டு. ‘அப்படியே அங்கேயே செட்டில் ஆகிவிடலாம்’ என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. இரண்டையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் செய்யும் அதிகாரி, நீங்கள் திரும்பி வருவீர்களா என்பதைத்தான் எடைபோடுவார். 2025 ஜூனிலிருந்து ஜே விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது.

எந்தப் பண்ணை நம் மண்ணுக்குப் பயன்படும்

பெரும்பாலோர் யோசிக்காமல் விடும் இடம் இது. விசா கிடைத்தால் போதும் என்று வந்த இடத்தை வாங்கிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் பன்றிப் பண்ணை, பெரிய பால் பண்ணை, மக்காச்சோளமும் சோயாவும் போடும் ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணைகள் நிறைய. ஆயிரம் ஏக்கரில் ஜிபிஎஸ் பொருத்திய அறுவடை இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஊத்தங்கரையில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்துக்குத் திரும்பினால் அதில் எதைப் பயன்படுத்துவது? பன்றிப் பண்ணை என்றால் அதைப் பற்றி வீட்டில் முன்பே பேசிவிட்டுப் போவது நல்லது. போன பிறகு ‘இந்த வேலை என்னால் முடியாது’ என்றால் இடம் மாற்றுவது ஸ்பான்சர் கையில்தான் இருக்கும்.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதியில் ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் கொய்மலர் பாலிஹவுஸ்கள். சூளகிரி, கெலமங்கலத்தில் கொத்தமல்லி, கோஸ், குடைமிளகாய். ராயக்கோட்டை, பாலக்கோட்டில் தக்காளி மண்டி. காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி, சந்தூர் பக்கம் மாந்தோப்பும் மாங்கன்று நாற்றங்காலும் மாங்கூழ் ஆலைகளும். தர்மபுரியில் மல்பெரியும் பட்டுக்கூடு மார்க்கெட்டும், அரூர், பென்னாகரம் பக்கம் மரவள்ளி. இவற்றில் எதற்குத் திரும்புகிறீர்களோ அதற்கு ஒத்த இடத்தை அங்கே கேட்க வேண்டும்.

கொய்மலர் என்றால் கண்ணாடிக்குடில் அல்லது அலங்காரச் செடி நாற்றங்கால். மாங்கன்று, காய்கறி நாற்று என்றால் ஒட்டுக்கட்டி, குழித்தட்டில் லட்சக்கணக்கில் கன்று உற்பத்தி செய்யும் நர்சரி. தக்காளி என்றால் கலிபோர்னியா. அமெரிக்காவில் சாஸுக்கும் கூழுக்கும் போகும் தக்காளியில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த ஒரு மாநிலத்தில்தான் விளைகிறது. அங்கே இயந்திர அறுவடையைப் பார்த்து வாய் பிளப்பதை விட, விவசாயிகள் சங்கம் பருவத்துக்கு முன்பே ஆலைகளோடு விலை பேசி ஒப்பந்தம் போடுவதைக் கற்றுக்கொண்டு வந்தால் நம் மாவட்டத்துக்கு அதுதான் பெரிய லாபம். 2025 பருவத்தில் பெங்களூரா மாவின் விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டவில்லை என்று விவசாயிகள் மரத்திலேயே காயை விட்டதை நாம் பார்த்தோம். கூழ் ஆலை எத்தனை டன் எடுக்கும், என்ன விலைக்கு எடுக்கும் என்பதை நடவுக்கும் கவாத்துக்கும் முன்பே எழுத்தில் வாங்கும் வழி தெரிந்த இளைஞர்கள் பத்துப் பேர் இங்கே இருந்தால் அதன் பயன் ஊருக்கே போகும்.

பண்ணைக்குள் மட்டும் பயிற்சி இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். தரம் பிரிக்கும் கூடம், குளிர்பதனச் சங்கிலி, விதை நிறுவனத்தின் சோதனை வயல், ஆய்வகம் போன்ற இடங்களும் ட்ரெய்னிகளை எடுக்கின்றன. ஓசூர் மத்திகிரியில் கோழியியல் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பொரிப்பகம், தீவன ஆலை, நோய்த்தடுப்பு முறை பக்கம் கேட்டுப் பார்க்கலாம்.

பணம்

ஜே-1இல் போய்க் கடன் அடைக்கலாம் என்று எண்ணுபவர்களுக்கு நான் நேராகவே வேண்டாம் என்று சொல்வேன். விசாக் கட்டணம் 185 டாலர், செவிஸ் (பரிமாற்ற விசாவில் வருபவர்களை அமெரிக்க அரசு பதிவு செய்யும் முறை) கட்டணம் 220 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே இந்த இரண்டும் 34,000 ரூபாயைத் தாண்டும். இதற்கு மேல் ஸ்பான்சர் கட்டணம், காப்பீடு, விமான டிக்கெட், போய்ச் சேர்ந்ததும் முதல் மாதச் செலவு. வரவில் பார்த்தால், மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009இலிருந்து மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம் என்றால் நான்கு வாரத்துக்கு 1,160 டாலர். கலிபோர்னியாவில் குறைந்தபட்ச ஊதியம் 16 டாலருக்கு மேல். ஆனால் அங்கே வாடகையும் அதற்கேற்ப இருக்கும். பண்ணை தங்கும் இடம் கொடுக்கிறதா, அதற்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கிறது, சாப்பாடு யார் செலவு, கடைக்குப் போக வண்டி உண்டா, இதெல்லாம் தெரியாமல் மணிக்கு இத்தனை டாலர் என்ற கணக்கு மட்டும் உதவாது. ஒரு சாதகம்: ஜே-1 ட்ரெய்னிகளுக்கு முதல் இரண்டு காலண்டர் ஆண்டுகளில் அங்குள்ள சமூகப் பாதுகாப்பு வரி, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி பிடிக்கக்கூடாது. வருமான வரி உண்டு. சம்பளச் சீட்டில் முதல் இரண்டு வரிகளைப் பிடித்திருந்தால் கேட்டுத் திரும்பப் பெறலாம்.

அமெரிக்காவுக்கே விவசாயக் கூலி வேலைக்குப் போகும் எச்-2ஏ விசாவில் கணக்கு வேறு. அதில் முதலாளி இலவசத் தங்குமிடம் தர வேண்டும்; போக்குவரத்துச் செலவையும் விதிப்படி ஏற்க வேண்டும்; தொழிலாளியிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கவே கூடாது. ஜே-1இல் உங்கள் செலவை நீங்களே ஏற்று, பதிலுக்குக் கல்வியை வாங்குகிறீர்கள். அப்படியிருக்க, கல்வி இல்லாத ஜே-1 இடம் எல்லாவற்றிலும் நட்டமான பேரம்.

ஜப்பான்

சம்பாத்தியம் தேவை, ஆனால் விவசாயத் துறையிலேயே இருக்க வேண்டும் என்றால் நான் ஜப்பான் பக்கம் கை காட்டுவேன். அங்கே இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஒன்று, தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம். இந்தியாவோடு 2017இல் ஒப்பந்தம் போட்டார்கள். பெயர் பயிற்சி என்றாலும் பல இடங்களில் அது ஒரே பண்ணையில் கட்டிப்போட்ட வேலையாகிவிட்டது என்ற விமர்சனம் ஜப்பானுக்குள்ளேயே எழுந்தது. முதலாளியை மாற்ற முடியாது என்பதே அதன் பெரிய குறை. அதை எடுத்துவிட்டுப் புதிய திட்டம் கொண்டுவர 2024இல் சட்டம் இயற்றினார்கள். 2027 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வருகிறது. அதனால் இப்போது பழைய திட்டத்தில் சேர அவசரப்படுத்துபவர்களிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

இன்னொன்று, 2019இல் தொடங்கிய ‘குறிப்பிட்ட திறன் தொழிலாளர்’ விசா. 2021 ஜனவரியில் இந்தியாவோடு இதற்கும் ஒப்பந்தம் வந்தது. விவசாயம் அதில் ஒரு துறை. பயிர் சாகுபடி, கால்நடை என்று இரண்டு பிரிவு. பட்டம் கேட்பதில்லை. ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 என்ற அடிப்படை நிலை அல்லது அதற்கு இணையான அடிப்படைத் தேர்வும், விவசாயத் திறன் தேர்வும் எழுத வேண்டும். தேறினால் ஐந்து வருடம் வரை இருக்கலாம். அதே வேலை பார்க்கும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும். அதே துறைக்குள் முதலாளியையும் மாற்றிக்கொள்ளலாம். ஜப்பானில் குறைந்தபட்ச ஊதியத்தின் தேசிய சராசரி 2024இல் மணிக்கு 1,055 யென். இந்த முதல் நிலையில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. விவசாயத்துக்கு இரண்டாம் நிலை விசாவும் 2023இலிருந்து திறந்திருக்கிறது; அதில் குடும்பத்துக்கும் இடம் உண்டு.

கஷ்டம் மொழியில்தான். ஆறேழு மாதம் விடாமல் உட்கார்ந்து படிக்க முடியாதவர்களுக்கு இது ஒத்துவராது. வீட்டில் தோட்டம் பார்த்துக்கொண்டே மாலையில் இரண்டு மணி நேரம் படிக்கலாம் என்று தொடங்கி நிறுத்திவிடுபவர்கள் அதிகம். ஆனால் மொழியில் போட்ட உழைப்பு வீண்போகாது. விசா தள்ளிப்போனாலும் ஓசூர், பெங்களூரு பக்கத்து ஜப்பானிய நிறுவனங்களில் அதற்கு மதிப்பு இருக்கிறது. கற்பது என்று பார்த்தால், ஜப்பானியப் பண்ணைகள் சிறியவை. இரண்டு மூன்று ஏக்கரில் குடில் போட்டு ஸ்ட்ராபெரி, வெள்ளரி, தக்காளி எடுப்பதும், கூட்டுறவு மூலம் தரம் பிரித்து விற்பதும் அமெரிக்கப் பெரும்பண்ணைகளை விட நம் நில அளவுக்கு நெருக்கமானவை. பண்ணை வேலைக்கு வேலைநேர வரம்பு, வார விடுமுறை பற்றிய சட்ட விதிகள் சில அங்கே பொருந்தாது என்பதையும் தெரிந்துகொண்டு, ஒப்பந்தத்தில் வேலைநேரத்தை எழுதி வாங்குங்கள்.

மற்ற நாடுகள், சுருக்கமாக

ஆஸ்திரேலியாவின் ‘வேலையும் விடுமுறையும்’ 462 விசா 2024இலிருந்து இந்தியர்களுக்கும் கிடைக்கிறது. 18 முதல் 30 வயது வரை, வருடத்துக்கு 1,000 இடம், குலுக்கல் முறை, பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். இரண்டு வருட உயர்கல்வியும் ஓரளவு ஆங்கிலமும் வேண்டும். குலுக்கலில் பெயர் போடலாம். அதை நம்பி வேறு எதையும் தள்ளிப்போட வேண்டாம். அங்கே 407 என்ற பயிற்சி விசாவும் இருக்கிறது. இரண்டு வருடம் வரை. ஆனால் ஸ்பான்சர் செய்யும் பண்ணையைப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

டென்மார்க் விவசாயப் பயிற்சி பெற வருபவர்களை எடுக்கிறது. வயது 30க்குள் இருக்க வேண்டும், படிப்பும் பயிற்சியும் ஒரே துறையில் இருக்க வேண்டும். பெரும்பாலும் பால் பண்ணையும் பன்றிப் பண்ணையும்தான். கால்நடைப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். பிரிட்டனின் பருவகாலத் தொழிலாளர் விசா ஆறு மாதம் பழம் பறிக்கும் வேலை. அதைப் பயிற்சி என்று சொல்லி விற்பவர்களிடம் போக வேண்டாம்.

இஸ்ரேல் நமக்குப் புதிதில்லை. தளியில் உள்ள மலர்களுக்கான மகத்துவ மையமே இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் வந்ததுதான். அங்கே அரவா பாலைவனத்தில் ஆசிய, ஆப்பிரிக்க மாணவர்களுக்கான பயிற்சி மையம் 1994இலிருந்து நடக்கிறது. படிப்பையும் பண்ணை வேலையையும் சேர்த்துக் கொடுக்கும் முறை எனக்குப் பிடித்தமானது. ஆனால் 2023 அக்டோபருக்குப் பிறகு அந்த நாட்டுக்குப் பிள்ளையை அனுப்புவது குடும்பம் முழுக்க உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

போகாமல் இங்கேயே

இதையும் ஒரு தேர்வாகவே வைத்துப் பாருங்கள். வெளிநாட்டில் ஒரு வருடம் கழித்துக் கிடைக்கும் அறிவில் கணிசமான பங்கு ஓசூரைச் சுற்றி 30 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கொய்மலர் ஏற்றுமதி செய்யும் பண்ணையில் ஒரு வருடம் மேற்பார்வையாளராக இருந்தால் உரப்பாசனம், தரம் பிரித்தல், காதலர் தினத்துக்கு ரோஜாவைக் கவாத்துக் கணக்கில் கொண்டுவருவது எல்லாம் கைக்கு வரும். அந்த ஒரு வருடம் ஜே-1 ட்ரெய்னிக்குத் தேவையான அனுபவமாகவும் நிற்கும். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம், பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் பேருந்து ஏறிப் போகும் தூரம்.

தொழில் தொடங்கும் எண்ணம் உள்ள பட்டதாரிக்கும் டிப்ளமோ முடித்தவருக்கும் மத்திய அரசின் அக்ரி கிளினிக் திட்டம் 2002இலிருந்து இருக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சி, தங்குமிடத்தோடு. அதன்பிறகு தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையான திட்டத்துக்கு வங்கிக் கடன், அதில் 36 சதவீத மானியம்; பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 44 சதவீதம். வெளிநாடு போக ஏஜென்ட் கேட்கும் மூன்று நான்கு லட்சத்தைக் கடன் வாங்க நினைக்கும் குடும்பம், அதே கடன் சுமையை ஒரு நாற்றங்காலுக்கு ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்.

ஏஜென்ட் விஷயம்

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ரசீதும் தர வேண்டும். தமிழக அரசுக்கே சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இலிருந்து இருக்கிறது. வெளிநாட்டு வேலை என்றால் முதலில் அங்கே விசாரிப்பது நல்லது.

‘கல்வி ஆலோசனை’ என்ற பெயரில் ஜே-1 இடம் பிடித்துத் தருவதாகச் சொல்பவர்களைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. எந்த ஸ்பான்சர் என்று பெயர் கேளுங்கள். அந்த ஸ்பான்சரின் சொந்த மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதி, ‘கிருஷ்ணகிரியில் இன்னார் உங்கள் பங்காளரா? மொத்தக் கட்டணம் எவ்வளவு?’ என்று கேளுங்கள். பெயரைச் சொல்ல மறுத்தாலோ, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே முன்பணம் கட்டு என்று நெருக்கினாலோ எழுந்து வந்துவிடுங்கள். விசா உறுதி என்று எந்த ஸ்பான்சரும் சொல்ல முடியாது. தூதரகம் மட்டுமே முடிவெடுக்கும். பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம்.

யாருக்கு எது

கடைசி வருடம் படிக்கிறவர், வீட்டில் நிலம் இருக்கிறது, கடன் இல்லாமல் ஒன்றரை, இரண்டு லட்சம் செலவழிக்க முடியும் என்றால் ஜே-1 இன்டர்ன்தான் நல்லது. நர்சரி, குடில், அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம் என்று இடத்தைத் தேர்ந்தெடுத்துப் போங்கள். நேர்காணலில் திரும்பி வந்து என்ன செய்வாய் என்று கேட்டால் இவருக்குப் பதில் தானாக வரும். படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, அனுபவம் இல்லை என்றால் ஓசூரில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு ட்ரெய்னியாகப் போகலாம். வீட்டுக்குப் பணம் அனுப்பியே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் ஜப்பானிய மொழி வகுப்பில் சேரட்டும். பட்டு வளர்ப்பு, மரவள்ளி பக்கம் தொழில் செய்யப் போகிறவருக்கு அமெரிக்காவில் கற்க அதிகமில்லை. உள்ளூர்த் திட்டங்களே மேல். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர், பல்கலைக்கழகம் நேரடியாக நடத்தும் ஸ்பான்சர் திட்டங்களை முதலில் பார்க்கலாம். எந்த நேரத்திலும் கூப்பிடக்கூடிய பொறுப்பாளர் யார், தங்குமிடத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பெற்றோரே வீடியோ அழைப்பில் கேட்டுக்கொள்ளலாம்.

ஜே-1 என்று முடிவு செய்துவிட்டால் நாள்காட்டியைப் பாருங்கள். அமெரிக்காவின் வட மாநிலங்களில் நவம்பரிலிருந்து மார்ச் வரை வயல் பனிக்குள் கிடக்கும். டிசம்பரில் போய் இறங்கினால் முதல் மூன்று மாதம் பயிரையே பார்க்க மாட்டீர்கள். ஜூன், ஜூலையில் பட்டம் முடிகிறவருக்கு 12 மாதக் கெடுவுக்குள் ஒரே ஒரு வசந்தம்தான் வரும். மார்ச்சிலோ ஏப்ரலிலோ அங்கே இருக்க வேண்டும் என்றால் முந்தைய ஆகஸ்டிலேயே ஸ்பான்சர்களுக்கு எழுதத் தொடங்கி, அக்டோபருக்குள் பண்ணையோடு பேச்சை முடித்து, டிசம்பருக்குள் டிஎஸ்-7002 கையெழுத்தாக வேண்டும். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் கல்லூரியில் கிராமத் தங்கல் பயிற்சிக்குப் போகும் பருவத்திலேயே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.